புதிதாக வருபவருக்கு எந்தப் புளிப்பு பீரை முதலில் நீட்டுவது?

நுரைத்தலை:
லேகர், ஐபிஏ (ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலான பீர்) தவிர வேறு எதையும் தொடாத ஆறேழு பேரை உட்காரவைத்துப் புளிப்பு பீர் ஊற்றுவதாகத் திட்டம். வரிசையில்தான் குழப்பம். எங்கே தேடினாலும் "முதலில் பழம் போட்ட இனிப்பு, பிறகு கோஸெ, கடைசியில் லாம்பிக்" என்றே போட்டிருக்கிறார்கள் (கோஸெ உப்புச் சேர்த்த கோதுமை பீர், லாம்பிக் காற்றிலிருக்கும் ஈஸ்ட்டில் நொதிக்கும் பெல்ஜியப் பீர்). இது சரிதானா? எத்தனை வகை வைக்கலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தக் குளிரில்? பெயரோடு சொன்னால் நல்லது.

காடிச்சட்டி:
அந்த வரிசை பாதி தப்பு. ஒரு முனையில் இனிப்பு, மறுமுனையில் புளிப்பு என்று கோடு கிழித்து எல்லாவற்றையும் அதில் மாட்டியதால் வந்த வினை. எவ்வளவு புளிக்கிறது என்பதைவிட எந்த அமிலம் புளிக்கிறது என்று பாருங்கள்.

லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பது. ஆவியாகாது, அதனால் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. நாக்கில் மட்டும் வட்டமாக விழும். பெர்லினர் வைஸ (லேசான ஜெர்மன் கோதுமை பீர்), கோஸெ, கேனில் வரும் பெரும்பாலான புளிப்பு பீர்கள் எல்லாம் இந்தக் கணக்கு. அசெட்டிக் அமிலம் வினிகரில் இருப்பது. அது முதலில் மூக்கைத்தான் பிடிக்கும், அப்புறம் தொண்டையில் லேசாகச் சுடும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீரில் அது அளவோடு இருந்தால் அழகு. அளவு மீறினால் சாலட்டில்தான் ஊற்ற வேண்டும். பழத்தோடு வருகிற சிட்ரிக், மாலிக் அமிலங்கள் வெடுக்கென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும்.

இந்த மூன்றுக்கும் வெளியே நிற்பது பிரெட்டனோமைசஸ், சுருக்கமாக பிரெட். அது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் இங்கிலாந்தின் பழைய பீரை ஆராய்ந்தபோது இனம்கண்டு பெயர் வைத்தது. பதனிட்ட தோல், ஈர வைக்கோல், குதிரை லாயம் என்று மணம் தரும். புதிதாகக் குடிப்பவர் "கெட்டுப்போச்சு" என்று கிளாஸைத் தள்ளிவைப்பது பெரும்பாலும் இந்த மணத்துக்காகத்தான். பழி மட்டும் புளிப்பின் மேல் விழுகிறது.

அதனால் என் வரிசை: முதலில் லாக்டிக் மட்டும் உள்ளது, அடுத்து லாக்டிக்கோடு உப்பு, அடுத்து மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்போடு கொஞ்சம் அசெட்டிக், கடைசியில் பிரெட். பெயர் வேண்டுமென்றால், 3% ஆல்கஹால் பக்கம் உள்ள பெர்லினர் வைஸ ஒன்று, 4.5% பக்கம் கோஸெ ஒன்று, ஃபிளாண்டர்ஸ் சிவப்பில் ரோடன்பாக் கிளாசிக் (5.2%), பிரெட்டுக்கு பூன் ஓடே கூஸ் (7%, பல வருட லாம்பிக்குகளைக் கலந்தது). நான்கு போதும். ஐந்தாவது கிளாஸில் யார் நாக்கும் ஒத்துழைக்காது.

கோஸெ ஜெர்மனி, கூஸ் பெல்ஜியம். மெனு அட்டையில் இரண்டையும் மாற்றிப் படித்து ஆர்டர் செய்பவர்கள் நிறைய. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பீப்பாய்க்காரன்:
> முதலில் லாக்டிக் மட்டும் உள்ளது…

எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அவர் ஏற்கெனவே என்ன குடிக்கிறார் என்று கேளுங்கள். உலர்ந்த வெள்ளை ஒயின், ஷாம்பெயின் பழகியவருக்கு நேராகக் கூஸை நீட்டலாம். அமிலமும் குமிழியும் இனிப்பில்லாத முடிவும் அவருக்குப் பழகினதுதான். பெர்லினர் வைஸயை நீட்டினால் "தண்ணியா இருக்கே" என்பார். சிவப்பு ஒயின்காரருக்கு ரோடன்பாக் கிராண்ட் க்ரூ. கறுப்பு பீர் பிரியருக்கு ஔட் ப்ரூயின் (ஃபிளாண்டர்ஸ் பழுப்பு பீர்), அதாவது லீஃப்மான்ஸ் கௌடன்பாண்ட் மாதிரி: 8%, கருப்பட்டி நிறம், புளிப்பு பின்வரிசையில்தான் இருக்கும். ஐபிஏகாரருக்கு ட்ரை ஹாப் செய்த (கொதிக்காமல் கடைசியில் ஹாப்ஸ் சேர்த்த) புளிப்பு பீர். மூக்குக்குப் பழகின ஹாப்ஸ் வாசனை கிடைத்துவிட்டால் நாக்கு தானாகச் சமாதானமாகும். மார்கரிட்டா மாதிரி உப்பும் எலுமிச்சையும் சேர்ந்த காக்டெயில் பிடிப்பவருக்குக் கோஸெ. டாக்ஃபிஷ் ஹெட்டின் ஸீக்வெஞ்ச் ஏல் அந்த ஆளுக்காகவே செய்தது போலிருக்கும்: எலுமிச்சைச் சாறு, காய்ந்த கறுப்பு எலுமிச்சை, கடல் உப்பு, 4.9%.

லேகர் மட்டுமே குடிப்பவருக்கு உங்கள் வரிசை சரி. அதில் சண்டை இல்லை.

காடிச்சட்டி:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒயின்காரருக்குக் கூஸ் கொடுத்தாலும் எந்தக் கூஸ் என்பது முக்கியம். பூன் சாந்தமானது, உடம்பு உள்ளது. கான்டியோன் கூர்மையானது, எலுமிச்சைத் தோல், மரம் என்று போகும். இரண்டும் ஒரே வகைதான், ஆனால் முதல் தடவையாக ஒருவருக்கு ஊற்றும்போது ஒன்றுக்கு மற்றொன்று பதில் ஆகாது.

பழரசம்:
எல்லாரும் பழத்தை ஏன் ஒதுக்குகிறீர்கள்? மாம்பழம், பாஷன் ஃப்ரூட், ராஸ்பெர்ரி போட்ட கேன் ஒன்றை உடைத்து ஊற்றினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இன்னொன்று கேட்பார்கள். அறிமுகம் என்றால் அதுதானே?

காடிச்சட்டி:
இன்னொன்று கேட்பார்கள், சரி. கேட்பது பழக்கூழைத்தான். ஸ்மூதி வகை கேன்களில் நொதித்து முடிந்த பிறகு கூழைக் கொட்டுகிறார்கள். அந்தச் சர்க்கரை அப்படியே நிற்கும், சில சமயம் லாக்டோஸும் (பால் சர்க்கரை) வெனிலாவும் சேரும். அமிலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதிலிருந்து அடுத்த படிக்கு ஏற வழி இல்லை, இனிப்பு குறைந்த எதைக் கொடுத்தாலும் நாக்கு அதைக் குறையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பழம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்த பீராகப் பாருங்கள். ஓடே க்ரீக்கில் (செர்ரி போட்ட லாம்பிக்) லிட்டருக்கு 200 கிராம் சுற்றிப் புளிப்புச் செர்ரி போகும், மாதக்கணக்கில் கிடக்கும். கடைசியில் செர்ரியின் நிறமும் மணமும் கொட்டையின் பாதாம் வாசமும் மட்டும் மிஞ்சும், இனிப்பு போயிருக்கும். அதுவும் பழ பீர்தான்.

பழரசம்:
அதை முதல் கிளாஸாகக் கொடுத்துப் பாருங்கள், ஆள் ஓடிவிடுவார். இனிப்பு சேர்த்த க்ரீக் ஒன்றைப் படியாக வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? லிண்டமான்ஸ் க்ரீக், ஃப்ரம்பாஸ் (ராஸ்பெர்ரி) இரண்டும் அடியில் லாம்பிக்தான், மேலே இனிப்பு. லீஃப்மான்ஸ் ஃப்ரூட்டெஸை ஐஸ் போட்டுத்தான் பரிமாறுகிறார்கள், அதற்கென்று செய்ததுதானே.

காடிச்சட்டி:
படியாக வைக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இனிப்பு சேர்க்காத ஒன்றை 50 மி.லி. ஊற்றி வையுங்கள். லிண்டமான்ஸிலேயே இரண்டும் கிடைக்கும்: ஃப்ரம்பாஸ் இனிப்பு, க்யூவே ரெனே இனிப்பே சேர்க்காத ஓடே கூஸ். ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்தால் இனிப்பு எதை மறைக்கிறது என்று யாரும் விளக்காமலே புரியும்.

கோதுமை_மால்ட்:
அளவு பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் பாட்டிலில் பிஎச் (குறையக் குறைய அமிலம் ஏறும் அளவு) போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண பீர் 4.0 முதல் 4.5 வரை. புளிப்பு பீர் 3.0 முதல் 3.6 வரை. பிஎச் மடக்கை அளவு என்பதால் 4.2-க்கும் 3.2-க்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் பத்து மடங்கு வித்தியாசம். ஆனால் நாக்கு உணர்வது அந்த எண்ணை மட்டுமல்ல. மொத்த அமில அளவு, அதாவது டைட்ரேஷன் செய்து லிட்டருக்கு எத்தனை கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம் என்று கணக்கிடுவது, வாய்க்கு இன்னும் நெருக்கமான எண். பிஎச் 3.3 உள்ள இரண்டு பீரில் ஒன்று லிட்டருக்கு 5 கிராம், மற்றது 9 கிராம் இருக்கலாம். முதலாவது துள்ளும், இரண்டாவது பல் கூசும்.

லிட்டருக்கு 4–5 கிராம் என்றால் புதியவருக்கு வசதி. 6–8 தெளிவான புளிப்பு. 10 தாண்டினால் அறிமுகப் பட்டியலில் வைக்க வேண்டாம். இந்த எண்ணை லேபிளில் போடுவோர் குறைவு, போட்டிருந்தால் அதை நம்புங்கள்.

மீதச் சர்க்கரையும் குமிழியும் கணக்கை மாற்றும். டஷெஸ் த பூர்கோன்ய் என்ற ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீரில் அசெட்டிக் தெளிவாகத் தெரியும், ஆனால் மால்ட் இனிப்பு தாங்கிப் பிடிப்பதால் அவ்வளவாக உறைக்காது. கார்பன் டைஆக்சைடு அதிகமானால் அதே அமிலம் இன்னும் கூர்மையாகத் தோன்றும்.

நுரைத்தலை:
நிறையத் தெளிவாகிறது. இப்போது ஊற்றும் கட்டம். எவ்வளவு, எந்தக் குளிர், எந்தக் கிளாஸ்?

குழாயடி:
கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன் பதில் இது. ஆளுக்கு 60 முதல் 75 மி.லி. அதற்கு மேல் ஊற்றினால் பிடிக்காதவர் சங்கடப்பட்டுக்கொண்டு குடிப்பார், அந்தச் சங்கடம் பீரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

குளிர்: பெர்லினர் வைஸயும் கோஸெயும் 5–7 டிகிரி. கூஸ் 8–12. ஃபிளாண்டர்ஸ் சிவப்பு 10–13. பிரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் கூஸை ஊற்றுவதற்கு 15–20 நிமிடம் முன்னால் வெளியே வையுங்கள், சிவப்புக்கு அரை மணி நேரம். ஒருவேளை தவறினாலும் குளிர்ந்த பக்கமே தவறட்டும். 16 டிகிரிக்கு மேல் அசெட்டிக் அமிலம் மூக்கில் குத்த ஆரம்பிக்கும், புதியவரோடு கதை முடிந்தது.

கிளாஸ் துலிப் வடிவம் இருந்தால் போதும், சின்ன ஒயின் கிளாஸும் சரி. சோப்பு வாசம் இல்லாமல் அலசுங்கள். நுரை சீக்கிரம் அடங்கினால் கிளாஸைக் குறை சொல்லாதீர்கள். நீண்ட காலம் நொதிக்கும்போது நுரையைத் தாங்கும் புரதங்கள் சிதைந்துவிடும், புளிப்பு பீர் பலவற்றில் நுரை நிற்பதே இல்லை.

கார்க் போட்ட பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். அடியில் வண்டல் இருக்கும், குலுங்கினால் கலங்கும், பொங்கவும் செய்யும். திறக்கும்போது சரித்துப் பிடித்து, ஒரு துணியோடு, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருகுங்கள். எல்லாருக்கும் ஒரே வீச்சில் ஊற்றிவிடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நிமிர்த்தினால் வண்டல் ஏறும், கடைசி ஆளுக்குச் சேறுதான். வண்டல் உடம்புக்குக் கெடுதி இல்லை, ஆனால் முதல் அறிமுகத்துக்கு அது வேண்டாம்.

ஐபிஏ எதையும் இடையில் ஊற்றாதீர்கள். கசப்பும் அமிலமும் ஒன்றையொன்று கடித்துக் கொள்ளும். ஐபிஏ ஊற்றியே ஆகவேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு, தண்ணீரும் வெறும் ரொட்டியும் நடுவில் போகட்டும்.

மூன்றாம்_மிடறு:
குழாயடி சொன்னதோடு ஒரே ஒரு விதி சேருங்கள்: மூன்றாவது மிடறுக்கு முன்னால் யாரும் கருத்துச் சொல்லக்கூடாது. முதல் மிடறில் வாய் அமிலத்தைக் கண்டு திடுக்கிட்டு உமிழ்நீரைக் கொட்டும். இரண்டாவதில் பழகும். பீரின் சுவை தெரிவது மூன்றாவதில்தான். இடையில் ஒரு நிமிடமாவது விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊற்றும்போது "இது பீர் மாதிரியே இருக்காது" என்று சொல்லிவிடுங்கள். லேகரை எதிர்பார்த்து வாயில் வைப்பவருக்கு நல்ல கூஸ்கூடக் கெட்டுப்போன லேகர்தான்.

வடிசட்டி:
தெரியாத கேன் ஒன்று கையில் வந்தால் லேபிளை எப்படி வாசிப்பது என்று யாரும் தொடவில்லை.

"கெட்டில் சவர்" அல்லது "குவிக் சவர்" என்றிருந்தால் வோர்ட்டை (நொதிக்காத மால்ட் வடிநீர்) ஓரிரு நாள் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவில் புளிக்கவைத்து, கொதிக்கவைத்து, சாதாரண ஈஸ்ட்டில் முடித்தது. சுத்தமான ஒற்றைப் புளிப்பு, ஆச்சரியம் எதுவும் இராது. "மிக்ஸ்டு கல்ச்சர்", "வைல்டு ஏல்", "பிரெட்" என்றிருந்தால் தொழுவ வாசனைக்குத் தயாராகுங்கள். "ஃபூடர்" என்றால் பெரிய ஓக் தொட்டி. "ப்யூரே", "ஸ்மூதி", "லாக்டோஸ்" என்றால் இனிப்பு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர் கூட்டத்தில் இருந்தால் அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோதுமையும் அப்படித்தான். பெர்லினர், கோஸெ, லாம்பிக் மூன்றிலும் கோதுமை உண்டு.

பெல்ஜியப் பாட்டிலில் பார்க்க வேண்டிய சொல் "ஓடே". 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓடே கூஸ், ஓடே க்ரீக் இரண்டுக்கும் பாரம்பரியத் தயாரிப்புப் பாதுகாப்பு இருக்கிறது. ஓடே கூஸ் என்றால் கலவையின் சராசரி வயது ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது, அதில் மிகப் பழையது குறைந்தது மூன்று வருடம், பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்க வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் வெறும் "கூஸ்", "க்ரீக்" என்றிருந்தால் இனிப்புச் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். தப்பு ஒன்றுமில்லை, தெரிந்து வாங்குங்கள்.

தேதியும் முக்கியம். பழம் போட்ட கேன் மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும், பழ மணம் அவ்வளவுதான் தாங்கும். ஸ்மூதி வகையை எப்போதும் பிரிட்ஜில் வையுங்கள். உள்ளே சர்க்கரையும் உயிரோடு ஈஸ்ட்டும் இருந்தால் வெப்பத்தில் மறுபடி நொதித்துக் கேன் உப்பும், வெடிக்கவும் செய்யும். உப்பிய கேனை ஆட்டாமல் குளிரவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறந்து கொட்டிவிடுங்கள். ஓடே கூஸ் எதிர்மாறு. 10–15 டிகிரியில் இருட்டில் வைத்தால் பத்து, இருபது வருடம் தாங்கும்.

கோதுமை_மால்ட்:
மூத்த கூஸ் என்றாலே மேலானது என்று புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வருடம் ஏற ஏற பிரெட் மணம் கூடும், பழ வாசனை மங்கும். அறிமுகத்துக்கு ஓரிரு வருட பாட்டில்தான் தோது.

நுரைத்தலை:
லாம்பிக் என்ன அப்படி விசேஷம் என்று யாராவது கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்ல என்ன இருக்கிறது? அதிகம் போனால் தூங்கிவிடுவார்கள்.

பீப்பாய்க்காரன்:
பிரஸ்ஸல்ஸும் அதை ஒட்டிய சென் பள்ளத்தாக்கு, பாயோட்டன்லாண்ட் பகுதியும்தான் இடம். 30–40% முளைக்கட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட். ஹாப்ஸ் வருடக்கணக்கில் காயவைத்துக் கிடந்தது. கசப்பும் மணமும் போயிருக்கும், பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் குணம் மட்டும் மிச்சம். மணிக்கணக்கில் கொதித்த வோர்ட்டை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து விடுவார்கள். ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பவை வந்து சேரும். அதனால்தான் குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். கோடையில் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். கான்டியோன் 1900-இல் தொடங்கியது, இன்றும் இதே முறைதான்.

பிறகு பீப்பாய். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் குமிழியாகிறது, முதியது ஆழம் தருகிறது. எந்தப் பீப்பாயில் எவ்வளவு எடுப்பது என்பதில்தான் கலப்பவரின் கைவரிசை. லாம்பிக் தானே காய்ச்சாமல் மற்றவர்களிடம் வோர்ட் வாங்கிக் கலப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட வீடுகளும் உண்டு, டில்கின் அப்படித்தான் தொடங்கியது.

இதற்கு மேல் சொன்னால் பீர் சூடாகிவிடும்.

வீட்டுவடி:
கடையில் கிடைக்காதவர்களுக்கு: அறிமுகத்துக்கான பெர்லினர் வைஸயை வீட்டிலேயே காய்ச்சலாம், சட்டம் அனுமதிக்கும் இடத்தில். 20 லிட்டருக்கு 1.6 கிலோ பில்ஸ்னர் மால்ட், 1.5 கிலோ கோதுமை மால்ட். 65–66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள் (மாஷ்). தொடக்க அடர்த்தி 1.034 பக்கம் வரும். வடித்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 37 டிகிரிக்குக் குளிரவையுங்கள். ஹாப்ஸ் ஒரு துண்டுகூட இப்போது வேண்டாம், லாக்டோபேசிலஸ் ஹாப்ஸைக் கண்டால் படுத்துவிடும்.

அடுத்து பலர் தாண்டிப்போகிற படி: பாக்டீரியா போடும் முன் 88% லாக்டிக் அமிலம் 10–15 மி.லி., கொஞ்சம் கொஞ்சமாக, மீட்டரைப் பார்த்துக்கொண்டே, பிஎச் 4.5 வரும்வரை. இதைச் செய்தால் வாந்தி நாற்றம் தரும் பியூட்ரிக் அமிலப் பாக்டீரியாக்களுக்கு இடமிராது. பிறகு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம், லிட்டருக்கு 10 பில்லியன் செல் கணக்கில் மொத்தம் 200 பில்லியன். புரோபயாடிக் கேப்ஸ்யூலே போதும், உள்ளே அந்த ஒரு இனம் மட்டும்தான் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். மேல்பரப்பை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடுங்கள், காற்றுப் படக்கூடாது. 35–37 டிகிரியில் வைத்து 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். 24–36 மணி நேரத்தில் 3.4 தொடும். புதியவருக்கென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு 15 நிமிடக் கொதி, 5 ஐபியு (கசப்பு அளவு) தாண்டாமல் ஹாப்ஸ், 18–20 டிகிரிக்குக் குளிரவைத்து நடுநிலையான ஏல் ஈஸ்ட். அமிலத்தில் ஈஸ்ட் தள்ளாடும், அதனால் முழுப் பாக்கெட் 11.5 கிராம், தண்ணீரில் ஊறவைத்த பிறகு. பாட்டிலில் அடைக்கும்போது 165 கிராம் சர்க்கரை, பீரின் கொள்ளளவைப் போல் சுமார் 3 மடங்கு கார்பன் டைஆக்சைடு வரும். கனமான பாட்டில் மட்டும். அடர்த்தி மூன்று நாள் ஒரே எண்ணில் நின்ற பிறகுதான் அடைக்க வேண்டும்.

கோஸெ வேண்டுமென்றால் இதே வோர்ட்டில் கடைசி ஐந்து நிமிடத்தில் இடித்த மல்லி விதை 15 கிராம், அயோடின் சேராத உப்பு 12 கிராம். உப்பு தனியாக நாக்கில் தெரிந்தால் அதிகமாகிவிட்டது.

வடிசட்டி:
பாக்டீரியாவே இல்லாமல் செய்ய ஃபில்லி சவர் ஈஸ்ட் இருக்கிறது. லாக்டிக் அமிலமும் ஆல்கஹாலும் அதுவே தரும். கொதி வழக்கம்போல ஒரே தடவை. முதல் முறை செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். புளிப்பு எவ்வளவு ஏறும் என்பதில் கெட்டில் முறை அளவுக்குப் பிடி இருக்காது, அதுதான் விலை.

பிரெட் போட்டுக் காய்ச்சினால் குழாய், ரப்பர் வளையம், பிளாஸ்டிக் வாளி எல்லாம் தனியாக வையுங்கள். கீறலில் ஒளிந்துகொண்டு அடுத்த லேகரில் தலைகாட்டும். கண்ணாடியும் எஃகும் நன்றாகக் கழுவினால் பிரச்சினை இல்லை.

நுரைத்தலை:
"கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் அது நிஜமா, பழக்கமின்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புளிப்பு பீரில் எதைக் கெட்டது என்பது?

கோதுமை_மால்ட்:
நல்ல கேள்வி. தோல், வைக்கோல், கிராம்பு வாசனை, லேசான லாய மணம் கெட்டதல்ல. வாந்தி நாற்றம் பியூட்ரிக் அமிலம். பழைய சீஸ், வியர்வைக் காலுறை நாற்றம் ஐசோவலேரிக். நகப்பூச்சு நெடி எத்தில் அசிட்டேட், காற்றுப் பட்டு அசெட்டிக் ஏறிய பீரில் வரும். இம்மூன்றில் எது தூக்கலாக இருந்தாலும் கொட்டிவிடலாம். வெண்ணெய் வாசமும், எண்ணெய் மாதிரி இழுபடும் குழகுழப்பும் பீடியோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை. பிரெட் இருந்தால் சில மாதத்தில் அதுவே தின்று சரிசெய்யும், கடையிலிருந்து வந்த பாட்டிலில் இருந்தால் அவசரப்பட்டு அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏமாற்றுவது ஒன்று உண்டு. மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, விழுங்கிப் பத்து நொடி கழித்து நாக்கின் பின்பக்கம் எலிக்கூண்டு, ஊறிப்போன தானியம் மாதிரி ஒரு சுவை எழும். டெட்ராஹைட்ரோபிரிடின். அமிலத்தில் அது ஆவியாகாமல் அடங்கியிருக்கும், உமிழ்நீர் பிஎச்சை உயர்த்தியதும் வெளியே வரும். சிலருக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், இருவர் சொல்வதும் உண்மை. அந்த பாட்டிலின் ஜோடி இன்னொன்று இருந்தால் ஆறு மாதம் வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

பழரசம்:
பல் பற்றி? நாலு கிளாஸ் அமிலம் போகிறதே.

குழாயடி:
ஒவ்வொரு கிளாஸுக்கும் பிறகு தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். முடிந்த உடனே பல் தேய்க்கக்கூடாது, அமிலம் பட்ட எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும். நெஞ்செரிச்சல்காரர், வயிற்றுப்புண் உள்ளவர் இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். வெறும் வயிற்றோடு யாருக்கும் ஊற்ற வேண்டாம். கூடத் தின்னக் கொழுப்பும் உப்பும் உள்ளது எதுவும் சரி: ஆட்டுப்பால் சீஸ், வறுத்த உருளைக்கிழங்கு, சிப்பி. புளிப்பான ஊறுகாய் வகை மட்டும் வேண்டாம், பீர் சப்பென்று ஆகிவிடும்.

"லாக்டோபேசிலஸ் இருக்கு, வயிற்றுக்கு நல்லது" என்று விற்காதீர்கள். கெட்டில் சவரில் பாக்டீரியாவைக் கொதித்துக் கொன்றாகிவிட்டது. மீதி வகைகளிலும் இது ஆல்கஹால்தான்.

நுரைத்தலை:
எல்லாருக்கும் நன்றி. கூட்டத்தில் இரண்டு பேர் ஒயின் குடிப்பவர்கள், அவர்களுக்கு மட்டும் பீப்பாய்க்காரன் சொன்ன மாதிரி கூஸை முன்னால் இழுத்துக்கொள்கிறேன். கடைசிச் சந்தேகம்: ஏழு பேருக்கு 60 மி.லி. ஊற்றினால் 750 மி.லி. பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி மிஞ்சும். கொட்டிவிடுவதா?

பீப்பாய்க்காரன்:
கூஸையா கொட்டுவது! முடிந்தால் 375 மி.லி. பாட்டில் வாங்குங்கள், ஆறு பேருக்குச் சரியாகப் போகும், ஏழாவது ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து ஊற்றலாம். பெரியதுதான் கிடைத்தது என்றால் ஷாம்பெயின் மூடி ஒன்றைப் பிடித்துப் போட்டு, நிமிர்த்தி, பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாராளமாக நிற்கும். குமிழி கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ரோடன்பாக் அப்படி நிற்காது, மறுநாளே குடித்துவிடுங்கள்.

காடிச்சட்டி:
மறுநாள் அந்த மிச்சக் கூஸை 12 டிகிரியில், குமிழி இறங்கிய நிலையில், முதல் நாள் முகம் சுளித்தவருக்கே ஊற்றுங்கள். கார்பனேஷனின் கூர்மை போயிருக்கும், அமிலம் மெத்தென்று இருக்கும். ஊற்றும்போது அதே பாட்டில் என்று சொல்ல வேண்டாம்.